பொழுதுபோக்கும் பொறுப்பும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால், வானத்தின் ஓரத்தில் கல்வராயன் மலை நீலத்திரை விரித்தாற்போல் நிற்பதைக் காணலாம். கச்சிராயப்பாளையத்தைக் கடந்து, கோமுகி அணையை அடுத்து மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை வரும். அங்கிருந்து பிரியும் கிளைப்பாதைகள், சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் சிற்றூர்களுக்குச் செல்கின்றன. நல்ல நாளில் இவ்வழி இனிய வழியே. ஆனால் பெருமழை பெய்து ஓடைகள் பெருகிவிட்டாலோ, மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்துவிட்டாலோ, மலையின் மடிப்புக்குள் இருக்கும் ஊர்களுக்கும் வெளியுலகுக்கும் தொடர்பு அற்றுப்போகும். பாதை அடைபடும்; விளக்கு அணையும்; கைப்பேசி ஓய்ந்துவிடும். சுற்றிலும் கடல் இல்லை; ஆயினும் அன்று அவ்வூர் ஒரு தீவேயாகும்.

நீர் சூழ்ந்த நிலம் தீவு என்று புவியியல் நூல் கூறும். அது சரியே. எனினும், செய்தி சென்று சேராத இடமும் ஒருவகையில் தீவே என்பது என் கருத்து. அத்தகைய தீவுகளுக்கு உதவக்கூடிய ஒரு கலையைப் பற்றியும், அக்கலையைப் பொழுதுபோக்காகப் பயின்ற சிலர் ஓர் இடுக்கணில் ஆற்றிய தொண்டைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகின்றேன். நம் ஊர் மாணவர்களும் அதனைப் பயிலுதல் வேண்டும் என்பதே நான் வற்புறுத்த வந்த செய்தி.

வானொலி என்றவுடன் பாட்டும் செய்தியும் கேட்கும் பெட்டியே நம் நினைவுக்கு வருகின்றது. அப்பெட்டி கேட்க மட்டுமே உதவும். அதனிடம் நாம் பேச முடியாது. ஆனால் கேட்கவும் பேசவும் உதவும் வானொலி நிலையத்தைத் தம் வீட்டிலேயே அமைத்துக்கொண்டு, உலகின் பல பகுதிகளில் உள்ள தம்மைப் போன்றவரோடு உரையாடுவோர் இருக்கின்றனர். இவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்றும் ஹாம் என்றும் அழைப்பர். ஊதியத்திற்காகவோ வாணிகத்திற்காகவோ இவர்கள் பேசுவதில்லை. அதற்கு விதியும் இடம் தராது. அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்ற பின்னரே இவர்கள் அலைகளைச் செலுத்தலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. அக்குறியைக் கேட்ட அளவிலேயே பேசுபவர் எந்த நாட்டவர் என்பதைப் பிறர் அறிவர். இந்தியருடைய அழைப்புக்குறிகள் பெரும்பாலும் ‘வி.யு.’ என்னும் எழுத்துகளோடு தொடங்கும்.

இக்கலையில் ஈடுபட்டோருக்கு ஓர் ஆவல் உண்டு. உலகின் நிலப்பகுதிகளையும் தனித்தீவுகளையும் ஏறத்தாழ 340 கூறுகளாகப் பகுத்து அவர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றனர். அவற்றுள் இயன்றவரை மிகுதியான பகுதிகளோடு பேசிவிட வேண்டும் என்பதே அவ்வாவல். ஆள் இல்லாத தீவிலிருந்து யார் பேசுவார்? ஆகவே சிலர் குழுவாகச் சேர்ந்து, கருவிகளையும் உணவையும் படகில் ஏற்றிக்கொண்டு அத்தீவுகளுக்கே செல்கின்றனர். ஆப்பிரிக்காவுக்கும் தென்துருவக் கண்டத்திற்கும் இடையே பனி மூடிக் கிடக்கும் பூவே என்னும் தீவுக்கு 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு குழு சென்றது. அலைகளின் சீற்றத்தால் படகு கரையை அணுக முடியவில்லை. அக்குழுவினர் கயிற்றைப் பற்றிக்கொண்டு, உறையும் நீரில் மிதந்து கரை ஏறினர். கொண்டுசென்ற கருவிகளுள் பலவற்றை இறக்க இயலாமல், இறக்க முடிந்த சிலவற்றைக் கொண்டே பணியை நடத்தினர்.

“இவ்வளவு துன்பமும் எதற்கு? சில நொடிப் பேச்சுக்காகவா? இது வீண்வேலை அன்றோ?” என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூற, நம் கடலிலேயே நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் தொலைவில், அந்நாளில் போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட நகரம் உள்ளது. அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து 1987-ஆம் ஆண்டுக்குப் பின் அமெச்சூர் வானொலியின் குரல் எழவில்லை. ஆதலால் உலகெங்கும் உள்ள வானொலியாளர் மிகவும் தேடிய பகுதிகளுள் அதுவும் ஒன்றாக இருந்தது. பாரதி பிரசாத் என்னும் அம்மையார் அரசின் இசைவைப் பெற முயன்று, இறுதியில் வெற்றியும் பெற்றார். ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் அவரும் தோழர்களும் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தனர். ‘வி.யு. 4 ஆர்.பி.ஐ.’ என்பது அவருடைய அழைப்புக்குறி. அக்குறி ஒலித்தவுடன் பல நாட்டவரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு மறுமொழி தந்தனர். நாள்தோறும் பல மணிநேரம் அவர்கள் பேசினர். பேசியோர் குறிகளையெல்லாம் பதிவேட்டில் எழுதினர். அதுவரை அது ஒரு பொழுதுபோக்குப் பயணமே.

டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி அளவில், சுமத்திரா தீவின் மேற்குக் கடலடியில் 9.1 அளவுள்ள பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. போர்ட் பிளேரும் குலுங்கியது. அவ்வேளையில் வானொலியில் பேசிக்கொண்டிருந்த அவ்வம்மையார் நிலம் அதிர்வதை அலைகளின் வழியே அறிவித்தார். உடனே பேச்சு அறுந்தது. அடுத்துக் கடல் பொங்கிற்று. தீவுகளின் கரையூர்கள் பல அழிந்தன. மின்சாரம் நின்றது, தொலைபேசி பயனற்றது. தீவுகளில் இருந்தவர் உயிரோடு உளரா என்பதை மற்ற இடங்களில் இருந்த உறவினர் அறிய வழியில்லை.

அக்குழுவினர் அஞ்சி ஊர் திரும்பவில்லை. அன்றே நிலையத்தை மீண்டும் இயக்கினர். பின்னர் மாவட்ட நிருவாகத்தின் அலுவலகத்திலேயே கருவியை அமைத்தனர். தோழர் சிலர், பேரழிவுக்கு உள்ளான கார் நிக்கோபார் தீவுக்குச் சென்றனர். அது போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கும், தீவுகளிலிருந்து பெருநிலத்திற்கும் அவர்கள் செய்தி அனுப்பினர். இன்னார் நலம், இன்னாரைக் காணவில்லை, இவ்விடத்திற்கு மருந்து வேண்டும் என்னும் சிறுசிறு செய்திகளே அவை. ஆனால் அவற்றை எதிர்பார்த்துக் கண்ணீரோடு காத்திருந்த குடும்பங்களுக்கு அவற்றினும் பெரிய செய்தி உலகில் வேறு இருந்திருக்க முடியாது. நேற்றுவரை உலகத்தாருடன் அளவளாவிய அதே கருவி, அதே மக்கள், அதே பயிற்சி. பொழுதுபோக்கு ஒரே நாளில் பொறுப்பாக மாறிற்று.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. இவ்வளவு திறமை அங்கே இருந்தும், நம் கரையில் மாண்டோரை அது காப்பாற்றவில்லை. நிலம் நடுங்கியது ஆறரை மணிக்கு. பேரலை தமிழகக் கரையை அடைந்தது ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் கழித்து. அந்த இடைவேளையில் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் மக்கள் வழக்கம்போல் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அன்று கள்ளக்குறிச்சியைத் தன்னகத்தே கொண்டிருந்த விழுப்புரம் மாவட்டத்தின் கரையூர்களும் தப்பவில்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நிலநடுக்கத்தைக் கண்டு, அலை வரும் என்று கணித்து, கரைக்குச் சொல்லும் அமைப்பு அன்று இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஐதராபாத்தில் அத்தகைய முன்னெச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது 2007-ஆம் ஆண்டில்தான்.

ஆனால் அதே நாளில், புதுச்சேரிப் பகுதியில் உள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் நிகழ்ந்தது வேறு. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் பேரலையைப் பற்றி அறிந்து தம் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் அமைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. கடலின் நிலையை மீனவர்க்கு நாள்தோறும் அறிவிக்கப் பயன்பட்ட ஒலிபெருக்கி அது. ஊரார் அதன் வழியே எச்சரிக்கை முழங்கினர். மக்கள் ஓடி உயிர் தப்பினர். செய்தி ஒன்று, அதைப் பரப்பும் கருவி ஒன்று, கருவியை நாளும் கையாண்டு பழகிய மக்கள் சிலர் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியதே அவ்வூர் பிழைத்ததற்குக் காரணம். மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் மற்ற இரண்டும் பயன்பட்டிரா.

மாணவர்களே, இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். கருவி மட்டும் உயிர் காப்பதில்லை. நல்லெண்ணம் மட்டும் காப்பதும் இல்லை. முன்னரே பழகிய கை வேண்டும். இடர் வந்தபின் கருவியை வாங்கி, அதன் கையேட்டைப் படிக்கத் தொடங்குவோன், வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டத் தொடங்குவோனை ஒப்பான். போர்ட் பிளேரில் அக்குழுவினர் உடனே பணியாற்ற முடிந்தது ஏன்? இடர் வருமுன் பல வாரங்கள், ‘வீண்வேலை’ என்று பிறர் எண்ணிய அப்பயிற்சியைச் சலிப்பின்றிச் செய்திருந்தமையால்தான்.

வீண் என்று ஒதுக்கப்பட்டது பின்னர் விழுமியதாதல் இத்துறையின் வரலாற்றிலேயே உண்டு. 1901-ஆம் ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த குறியைக் கேட்டார். அதன்பின் நெடுந்தொலைவுக்கு நீண்ட அலைகளே ஏற்றவை என்று வல்லுநர் பலரும் நம்பினர். 200 மீட்டருக்குக் குறைந்த அலைகளால் பெரும்பயன் இல்லை என எண்ணி, 1912-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டம் அவற்றைப் பொழுதுபோக்காளர்க்குத் தள்ளிவிட்டது. அவர்கள் மனம் தளரவில்லை. கிடைத்ததைக் கொண்டு ஆராய்ந்தனர். 1923-ஆம் ஆண்டு நவம்பரில், பிரான்சு நாட்டவர் ஒருவரும் அமெரிக்கர் ஒருவரும் ஏறத்தாழ 100 மீட்டர் அலையில் கடலுக்கு இப்பாலும் அப்பாலும் இருந்து உரையாடினர். குப்பை என்று வீசப்பட்ட சிற்றலையே உலகைச் சுற்ற வல்லது என்பது அப்போது தெளிவாயிற்று.

அதன் காரணத்தையும் அறிதல் வேண்டும். கதிரவனின் ஒளியால் வானத்தின் மேற்பகுதியில், ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு மேல், மின்னூட்டம் பெற்ற அடுக்குகள் உண்டாகின்றன. 1924-ஆம் ஆண்டில் ஆப்பிள்டன் என்னும் அறிஞர் செய்த சோதனை இதனை மெய்ப்பித்தது. 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிற்றலை அவ்வடுக்கில் பட்டு மீண்டும் மண்ணுக்குத் திரும்புகின்றது. ஆதலால் கடலையும் மலையையும் தாண்டிச் செல்கின்றது. கல்வராயன் மலைக்கு இதில் ஒரு தனிப்பயன் உண்டு. மேல்நோக்கிச் செலுத்தப்படும் சிற்றலை வானத்தில் பட்டுக் குடை விரித்தாற்போல் சுற்றுவட்டாரம் முழுவதும் இறங்கும். குன்றின் மறைவில் உள்ள பள்ளத்தாக்கும் அதற்குத் தப்பாது. 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு வேண்டிய ஏரியல் ஏறத்தாழ 20 மீட்டர் செப்புக்கம்பியே. இரண்டு மரங்களுக்கிடையே அதனைக் கட்டிவிடலாம். கருவியை இயக்க ஊர்தியின் மின்கலம் ஒன்று போதும்.

நம் சென்னையிலும் இக்கலைக்கு மதிப்புமிக்க மரபு உண்டு. கிருஷ்ணசாமி செட்டியார் என்னும் ஆர்வலரின் முயற்சியால் 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் கழகம் ஓய்ந்தது. அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று, 1930-இல் ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது. தமிழகத்தில் வானொலியின் முதல் விதையை ஊன்றியோர் ஊதியம் கருதாத இவ்வார்வலரே.

இனி, இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் ஆராய்வோம். “கைப்பேசி எல்லார் கையிலும் இருக்க, இப்பழைய கருவி எதற்கு?” என்பர் சிலர். கைப்பேசி சிறந்த கருவியே. ஆயினும் அது தனித்து நிற்பதன்று, கோபுரத்தை நம்பியது. கோபுரமோ மின்சாரத்தையும் இணைப்புக் கம்பியையும் நம்பியது. இடர் வேளையில் இவற்றுள் ஒன்று கெட்டாலும் போதும், கைப்பேசி பேசாது. எல்லாம் செவ்வனே இருந்தாலும், எல்லாரும் ஒரே வேளையில் பேச முற்பட்டால் வழி அடைபடும். வானொலியாளர் இருவருக்கு இடையே வானம் ஒன்றே வழி. 2001-ஆம் ஆண்டு சனவரியில் குசராத்தின் பூச் பகுதியில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும், அமெச்சூர் வானொலியாளர் சென்று செய்தித் தொடர்புக்கு உதவினர்.

“இதற்குப் பெரும்பொருள் வேண்டுமே, ஏழைப் பிள்ளைகள் எங்ஙனம் பயில்வர்?” என்பர் வேறு சிலர். இதனை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பேசும் கருவி விலை மிகுந்ததே. ஒவ்வொரு மாணவனும் அதை வாங்குதல் இயலாது, வாங்கவும் வேண்டா. பள்ளிக்கு ஒன்று இருந்தால் நூறு மாணவர் பழகலாம். கேட்கும் கருவியோ விலை குறைந்தது. அதனைக் கையால் செய்யவும் கூடும். முதலில் கேட்கக் கற்றலே இக்கலையின் முறை.

“பிள்ளைகள் படிப்பை விட்டு விளையாடிக் கெடுவர்” என்பது மூன்றாவது அச்சம். நான் இதற்கு நேர்மாறாகக் கருதுகின்றேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். மின்சாரம் பற்றிய பாடத்தை ஏட்டில் மட்டும் படிப்பவன் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவான். தானே கம்பி இழுத்து, தானே பற்றுவைத்து, தொலைவில் உள்ள ஒருவர் குரலைக் கேட்டவன் அதனை வாழ்நாள் முழுதும் மறவான். புவியியலும் மொழியும் அவனுக்கு உயிருள்ளவை ஆகும். பன்னிரண்டு வயது நிரம்பியோர் இத்தேர்வை எழுதலாம் என்பதும் கருதத்தக்கது. அன்றியும், இக்கலை நல்லொழுக்கத்தைப் பழக்குகின்றது. பேசுமுன் செவிசாய்த்து, பிறர் பேசுகின்றனரா என்று அறிதல் வேண்டும். சுருங்கச் சொல்லுதல் வேண்டும். முகம் அறியாதவரிடத்தும் பண்போடு உரையாடுதல் வேண்டும். எவரேனும் துன்பக்குரல் எழுப்பினால் தம் பேச்சை நிறுத்தி அவருக்கு வழிவிடுதல் வேண்டும். இப்பண்புகள் வானொலிக்கு மட்டுமா தேவை?

ஆதலால் நான் வேண்டுவது இது. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியிலும் வெள்ளிமலையில் ஒரு பள்ளியிலும் அமெச்சூர் வானொலிக் கழகம் தோன்றுதல் வேண்டும். உரிமம் பெற்ற ஆசிரியரோ பெரியவரோ அதனை நடத்துதல் வேண்டும். உரிமம் இல்லாமல் அலையைச் செலுத்துதல் குற்றம் என்பதை மாணவர் முதற்பாடமாகக் கற்றல் வேண்டும். வாரம் ஒருமுறை மலையும் ஊரும் பேசட்டும்: எவ்வளவு மழை பெய்தது, எந்த ஓடை பெருகியுள்ளது, எந்தப் பாதை திறந்துள்ளது என்று. ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், மாணவர் குழு ஒன்று கருவியோடு ஒரு மலைச்சிற்றூருக்குச் செல்லட்டும். மின்சாரத்தையும் கைப்பேசியையும் நாடாமல் ஒரு பகலும் ஓர் இரவும் அங்கிருந்து நிலையம் நடத்தட்டும். பூவே தீவுக்குச் செல்லும் வாய்ப்பு நமக்கு இல்லாமற் போகலாம். நம் தீவுகள் இதோ அருகிலேயே இருக்கின்றன.

அப்பயணத்தில் மலைநாட்டு மாணவரே முன்னிற்றல் வேண்டும் என்பது என் விருப்பம். எந்த ஓடை எப்போது பெருகும், எந்தச் சரிவில் மண் இளகும் என்பதை அவர்கள் தம் பெற்றோரிடமிருந்து அறிந்தவர்கள். ஊரிலிருந்து உதவி வரும்வரை காத்திருப்போராக அன்றி, செய்தியைத் தாமே சொல்ல வல்லவராக அவர்கள் விளங்குதல் வேண்டும். சமவெளி மாணவர் அவர்களிடம் மலையைக் கற்கட்டும். இரு சாராரும் சேர்ந்து அலையைக் கற்கட்டும்.

இவ்வாறு பயின்ற கழகம் பல ஆண்டுகள் எந்த இடரையும் காணாமல் இருக்கலாம். அங்ஙனமே இருக்கட்டும் என்று வாழ்த்துவோம். அப்போதும் அவ்வுழைப்பு வீணாகாது. அறிவும் நட்பும் அதனால் வளரும். ஆனால் ஒருநாள், நள்ளிரவில், மழை கொட்டும்போது, மகப்பேற்று வேதனையுற்ற தாய்க்காக மலைச்சிற்றூர் ஒன்று மருத்துவரை அழைக்க நேரலாம். பாதை எது திறந்துள்ளது, ஊர்தி எதுவரை வரலாம், எவ்விடத்தில் ஆள் நிற்பர் என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்ல ஒரு மாணவியும், கீழே விழித்திருந்து அதனைக் கேட்க ஒரு மாணவனும் இருப்பார்களானால், அக்கழகம் தோன்றிய பயனை அந்த ஓர் இரவிலேயே அடைந்துவிடும்.